வீட்டுக் கணினியின் சாவி யார் கையில்?

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நமது டிரஸ்ட் அலுவலகத்திற்கு ஒரு சகோதரர் லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். கடைவீதியில் சிறிய மளிகைக் கடை வைத்திருப்பவர். கடையின் வரவு செலவு, யாரிடமிருந்து எவ்வளவு பாக்கி வர வேண்டும், மொத்த வியாபாரிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற விவரம் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. ஒரு வாரமாக அது மிகவும் மெதுவாக ஓடுகிறது, எதைத் திறந்தாலும் விளம்பரம் வந்து விழுகிறது என்றார்.

நம் அலுவலகத்தில் மாலையில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு எடுக்கும் தம்பி அதை வாங்கிப் பார்த்தார். உள்ளே என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதற்காக டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. டாஸ்க் மேனேஜரை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் முடக்கி வைத்துள்ளார் என்பது அதன் பொருள்.

"காக்கா, என் கம்ப்யூட்டருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் யாரு? நான்தானே? நான் ஒண்ணும் முடக்கலையே!" என்றார் அந்தச் சகோதரர்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதிலை நம் வீடுகளில் கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். நானும் இந்தத் துறையில் படித்தவன் அல்லன். கேட்டும் படித்தும் விளங்கிக்கொண்டதை இங்கே எளிமையாக எழுதுகிறேன்.

கணினிக்குள் ஒரு பதிவேடு

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளிலும் கடைகளிலும் இருப்பது விண்டோஸ் கணினிகள். விண்டோஸின் உள்ளே ரெஜிஸ்ட்ரி என்ற ஒன்று உண்டு. பதிவேடு என்பதுதான் அதன் பொருள். ஒரு பள்ளிவாசலின் ஜமாஅத் பதிவேட்டில் குடும்பங்கள், சந்தா, பொறுப்பாளர்கள் என எல்லா விவரமும் இருப்பது போல, கணினி எப்படி நடக்க வேண்டும் என்ற விவரம் முழுவதும் இந்தப் பதிவேட்டில் இருக்கிறது. கணினியைப் போட்டதும் எந்தெந்த மென்பொருள் தானாக ஓட வேண்டும், ஒரு கோப்பைத் தட்டினால் அதை எது திறக்க வேண்டும், எந்தப் பயனருக்கு என்ன அனுமதி என்று ஆயிரக்கணக்கான குறிப்புகள் அதில் உள்ளன.

ஆரம்ப கால விண்டோஸில் இந்தக் குறிப்புகள் சிறு சிறு கோப்புகளாகப் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி சிறிய அளவில் தொடங்கியது. விண்டோஸ் 95 வந்தபோது அதுவே எல்லாவற்றுக்கும் பொதுவான பதிவேடாகிவிட்டது. அதில் முக்கியமாக இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, கணினி முழுவதற்குமான பகுதி. மற்றொன்று, ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாக உள்ள பகுதி. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கெட்ட மென்பொருள் அங்கே என்ன செய்கிறது?

வைரஸ், வார்ம், ட்ரோஜன் என்று பல பெயர்களில் வரும் கெட்ட மென்பொருள்கள் எல்லாவற்றையும் சேர்த்து மால்வேர் என்கிறார்கள். ஒரு மால்வேர் கணினிக்குள் வந்துவிட்டால் அதற்கு முதலில் வேண்டியது நிலையான இருப்பிடம். கணினியை அணைத்துப் போட்டாலும் தான் மறுபடி உயிர் பெற வேண்டும். அதற்கு எளிய வழி, பதிவேட்டில் தானாகத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியலில் தன் பெயரையும் எழுதிக்கொள்வது. 2003 ஆகஸ்டில் உலகம் முழுவதும் பரவிய பிளாஸ்டர் என்ற வார்ம் இதைத்தான் செய்தது. அதுவும் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலை போலத் தோன்றும் ஒரு பெயரில் எழுதிக்கொண்டது.

இரண்டாவதாக, தன்னைக் கண்டுபிடிக்கும் கருவிகளை முடக்குகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறக்க விடாமல் செய்வதற்குப் பதிவேட்டில் ஒரேயொரு குறிப்பை மாற்றினால் போதும். உண்மையில் அலுவலகங்களில் ஊழியர்கள் எதையும் மாற்றிவிடாதிருக்க, பொறுப்பாளர்கள் பயன்படுத்துவதற்காக வைக்கப்பட்ட வசதி அது. அதை மால்வேர் எடுத்துக்கொள்கிறது. நம் சகோதரர் பார்த்த வரி அதனால்தான் வந்தது. அவர் எதையும் முடக்கவில்லை. அவருடைய அதிகாரத்தைப் பயன்படுத்தி வேறொன்று முடக்கியிருக்கிறது.

மூன்றாவதாக, பாதுகாப்பை நிறுத்துகிறது. 2008 இறுதியில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்ற வார்ம், விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தியது. ஆன்ட்டி வைரஸ் நிறுவனங்களின் இணையதளங்களுக்குப் போக முடியாதபடி தடுத்தது. அது பரவிய வழிகளில் ஒன்று பென் டிரைவ். பென் டிரைவைச் சொருகியதும் அதில் உள்ளது தானாக ஓடும் பழைய வசதியை அது பயன்படுத்திக்கொண்டது. அந்த வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்தும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2011-இல் எல்லோருக்கும் அனுப்பியது.

நான்காவது வகை, வழியை மாற்றுவது. ஓர் இணையதளத்தின் பெயரை நாம் தட்டினால், அதன் எண் முகவரியை டி.என்.எஸ். என்ற சேவையிடம் கேட்டுத்தான் கணினி அங்கே போகிறது. எந்த டி.என்.எஸ். சேவையிடம் கேட்க வேண்டும் என்பதும் ஓர் அமைப்புதான். டி.என்.எஸ். சேஞ்சர் என்ற மால்வேர் அதை மட்டும் மாற்றி, மக்களைத் தாங்கள் விரும்பிய இடத்துக்கு அனுப்பியது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இந்தக் கும்பலைப் பற்றி அறிவித்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் பலவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் கணினியில் ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது. கணினி வழக்கம் போல ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அனுமதி கொடுத்தது யார்?

கணினி முழுவதற்குமான பதிவேட்டை யார் வேண்டுமானாலும் திருத்த முடியாது. அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற அதிகாரம் வேண்டும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீடுகளில் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே கணினியைப் பயன்படுத்தினார்கள். ஆகவே அவர்கள் திறந்த எந்த மென்பொருளுக்கும் அதே அதிகாரம் கிடைத்தது. வீட்டின் எல்லா அறைச் சாவிகளையும் கொத்தாக வாசல் ஆணியில் தொங்கவிட்டது போல.

இதைத் திருத்தவே விண்டோஸ் விஸ்டாவில் ஒரு புதிய முறை வந்தது. ஒரு மென்பொருள் கணினியின் அடிப்படை அமைப்பை மாற்ற முயன்றால் திரை மங்கி, நடுவில் ஒரு பெட்டி தோன்றும். இந்த மென்பொருள் உங்கள் கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா என்று கேட்கும். யெஸ், நோ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். திரை மங்குவது அழகுக்காக அல்ல. அந்த நேரத்தில் வேறு எந்த மென்பொருளும் நமக்குப் பதிலாக யெஸ் பொத்தானை அழுத்திவிடக் கூடாது என்பதற்காகத் திரை தனியாகப் பிரிக்கப்படுகிறது. அந்த யெஸ்ஸை மனிதர்தான் அழுத்த வேண்டும்.

நம் சகோதரரின் கணினியில் அதை அழுத்தியது பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன். காசு கொடுத்து வாங்க வேண்டிய விளையாட்டு ஒன்றை, கிராக் என்று சொல்லி இலவசமாகக் கொடுக்கும் இடத்தில் இறக்கியிருக்கிறான். ஆன்ட்டி வைரஸை நிறுத்திவிட்டு இதை நிறுவவும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அதன்படியே நிறுத்தினான். பெட்டி வந்தபோது யெஸ் கொடுத்தான். பூட்டை யாரும் உடைக்கவில்லை. உள்ளேயிருந்தே கதவு திறக்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை

1. அன்றாடப் பயன்பாட்டுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் என்ற பகுதிக்குப் போய் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, நல்ல பாஸ்வேர்டு வையுங்கள். அந்தப் புதிய கணக்கில் ஒருமுறை உள்ளே போய்ச் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே பழைய கணக்கை ஸ்டாண்டர்டு யூசர் என்று மாற்றுங்கள். வரிசை மாறக் கூடாது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஸ்டாண்டர்டு கணக்கு கொடுங்கள். இனி ஏதாவது மென்பொருள் கணினியின் அடிப்படையைத் தொட முயன்றால் யெஸ் மட்டும் போதாது, அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டும் கேட்கும். அந்தப் பாஸ்வேர்டை வீட்டில் பெரியவர்கள் இருவர் தெரிந்து வைத்திருங்கள். ஒரு தாளில் எழுதிப் பீரோவில் பத்திரப்படுத்துங்கள். மறந்துவிட்டால் சிரமம்.

2. அனுமதி கேட்கும் பெட்டியைப் படித்துப் பாருங்கள். அதில் மென்பொருளின் பெயரும் அதை வெளியிட்டவர் பெயரும் இருக்கும். வெளியிட்டவர் அன்னோன், அதாவது யாரென்று தெரியாதவர் என்று இருந்தாலோ, நீங்கள் எதையும் நிறுவாத நேரத்தில் பெட்டி தானாக வந்தாலோ நோ கொடுங்கள். தொந்தரவாக இருக்கிறதென்று இந்தக் கேள்வியையே வராமல் நிறுத்திவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டாம்.

3. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரை நிறுத்தாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பகுதியில் டேம்பர் ப்ரொடெக்ஷன் என்று ஒன்று இருக்கிறது. 2019-இல் வந்தது. டிஃபெண்டரின் முக்கிய அமைப்புகளை வேறு மென்பொருள்கள் பதிவேட்டின் வழியாக மாற்றாதபடி அது காக்கிறது. அது ஆனில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆனால் நம் கையாலேயே அணைத்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

4. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற மால்வேர் பரவி, சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் மதிப்பில் பிட்காயின் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளே சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் சும்மா இருந்ததன் விலை அது. விண்டோஸ் 7-க்கான பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14-உடனும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-உடனும் முடிந்துவிட்டன. பழைய கணினி வைத்திருப்பவர்கள் பேங்க் வேலைகளை அதில் செய்யாமல் இருப்பது நல்லது.

5. சிஸ்டம் ரீஸ்டோர் வசதியை ஆன் செய்யுங்கள். பல கணினிகளில் அது அணைந்தே இருக்கிறது. தேடும் இடத்தில் ரீஸ்டோர் பாயிண்ட் என்று தட்டினால் அது வரும். பதிவேடும் அமைப்புக் கோப்புகளும் நல்ல நிலையில் இருந்த ஒரு நாளுக்குத் திரும்பிப் போக இது உதவும். இது உங்கள் புகைப்படங்களையோ கணக்குகளையோ சேமிக்காது. சில மால்வேர்கள் இந்தச் சேமிப்பையும் அழித்துவிடும். ஆகவே இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

6. கோப்பின் முழுப் பெயரும் தெரியும்படி வையுங்கள். கோப்பின் வகையைக் காட்டும் கடைசி எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைக்கிறது. பில் என்று பெயர் வைத்து, பி.டி.எஃப். போலப் படமும் போட்டு, உண்மையில் இயங்கும் மென்பொருளாக வரும் கோப்புகள் இப்படித்தான் ஏமாற்றுகின்றன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதியில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்தால் இ.எக்ஸ்.இ. என்று முடிவது கண்ணில் பட்டுவிடும்.

செய்யக் கூடாதவை

பதிவேட்டைச் சுத்தம் செய்து கணினியை வேகமாக்குகிறோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பாதீர்கள். அவற்றை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. தவறான குறிப்பு ஒன்று அழிந்தால் விண்டோஸே திறக்காமல் போகலாம். யூடியூபில் பார்த்து ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதும் அப்படித்தான். தெரிந்தவர் செய்தாலும், மாற்றுவதற்கு முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து ஒரு நகல் எடுத்து வைப்பதுதான் முறை.

அண்மைக் காலத்தில் இன்னொரு ஏமாற்று வழி பரவியிருக்கிறது. ஓர் இணையப் பக்கம், நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபியுங்கள் என்று கேட்கும். பிறகு விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தவும், அடுத்து கன்ட்ரோலும் வி எழுத்தும், பிறகு என்டர் என்று வரிசையாகச் சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையை நமக்குத் தெரியாமல் நகலெடுத்து வைத்திருக்கும். அதை நம் கையாலேயே கணினியில் ஓட வைப்பதுதான் அதன் நோக்கம். எந்த உண்மையான இணையதளமும் இப்படிக் கேட்காது. உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு என்று இரவில் அவசரமாகத் தேடும் நம் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

கைப்பேசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். கல்யாணப் பத்திரிகை, பேங்க் கே.ஒய்.சி. என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால், அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் திறக்காதீர்கள். அவருடைய கைப்பேசியும் ஏமாந்திருக்கலாம்.

இவை மட்டும் போதுமா?

போதாது. கணினி முழுவதற்குமான பகுதி, பயனருக்கான தனிப் பகுதி என்று மேலே சொன்னேன் அல்லவா? ஸ்டாண்டர்டு கணக்கு முதல் பகுதியைக் காக்கும். ஆனால் பயனரின் தனிப் பகுதியில் எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் தேவையில்லை. நீங்கள் உள்ளே போகும்போது மட்டும் தானும் தொடங்கும்படி ஒரு மால்வேர் அங்கே எழுதிக்கொள்ள முடியும். அதைவிட முக்கியம், உங்கள் கோப்புகளைத் திறக்கவும் மாற்றவும் உங்களுக்கு அதிகாரம் இருப்பதால், நீங்கள் திறந்த மால்வேருக்கும் அந்த அதிகாரம் கிடைக்கிறது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அதுவே போதும்.

இதற்கு ஒரே மருந்து நகல். வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்கில் முக்கியமான கோப்புகளை நகலெடுத்து, வேலை முடிந்ததும் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். சொருகியே வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகலைத் திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால்

முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு நல்ல கணினி அல்லது கைப்பேசியிலிருந்து மின்னஞ்சல், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பாதித்த கணினியில் இருந்துகொண்டே மாற்றினால் புதியதும் திருடு போகும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று உள்ளது. விண்டோஸ் முழுமையாகத் தொடங்குவதற்கு முன்பே அது சோதிப்பதால், ஒளிந்திருப்பவை அகப்பட வாய்ப்பு அதிகம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா இணையதளத்திலும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. பணம் போயிருந்தால் சிறிதும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

அந்தச் சகோதரரின் கணக்குகள், அல்ஹம்துலில்லாஹ், தப்பின. கோப்புகளை மட்டும் தனியே எடுத்து, சோதித்து, விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. ப்ரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் அத்தனையையும் மாற்றினார். இரண்டு நாள் கடை வேலை கெட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பையன் பிறகு சொன்னான். விளையாட்டை நிறுவிய அன்றே ஏதோ தவறு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதாம். வாப்பா அடிப்பார் என்ற பயத்தில் ஒரு வாரம் சொல்லவில்லை. அந்த ஒரு வாரமும் அவர் அதே லேப்டாப்பில் பேங்க் வேலை பார்த்திருக்கிறார்.

ஆகவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பாஸ்வேர்டைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஆனால் கணினியில் ஏதாவது தவறாகப் போனால் உடனே வந்து சொல்லும் தைரியத்தைக் கொடுங்கள். நம் கணினியில் இருப்பது நம் கணக்கு மட்டுமல்ல. நம்மிடம் கடன் சொன்னவர்கள், பணம் கொடுத்தவர்கள், விண்ணப்பம் தட்டித் தரக் கேட்டு ஆதார் நகல் தந்தவர்கள் எல்லோருடைய விவரமும் அதில் அமானிதமாக இருக்கிறது.

ஸ்டாண்டர்டு கணக்கு தொடங்குவது, டேம்பர் ப்ரொடெக்ஷனைப் பார்ப்பது, நகல் எடுப்பது ஆகியவற்றில் உதவி தேவைப்படுவோர் மாலை கணினி வகுப்பு நேரத்தில் லேப்டாப்புடன் அலுவலகத்திற்கு வரலாம். கட்டணம் எதுவும் இல்லை. இன்ஷா அல்லாஹ், உங்கள் முன்னிலையிலேயே செய்து காட்டுவோம். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மட்டும் எங்களிடமும் சொல்ல வேண்டாம், நீங்களே தட்டுங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்